இரணியல் – திருவனந்தபுரம் பாசஞ்சர்: தினமும் போய்வரும் ஒருத்தியின் மதிப்பீடு

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்றரை. வண்டிக்கு மட்டும் என்றால் நாலரை கொடுப்பேன். மதிப்பெண்ணைக் குறைப்பவை இரண்டு: வண்டி ஓடுகிற ஒற்றைத் தண்டவாளம், நிலையத்துக்கு வந்து சேருகிற இடுக்குச் சாலை. இரண்டும் பாதை போட்ட காலத்திலேயே கூட வந்த குறைகள். இரட்டைப் பாதை வேலை நடந்துகொண்டிருக்கிற இந்த நேரத்தில் அவற்றைப் பற்றிப் பேசாமல் சீட்டு, ஃபேன், கழிவறை என்று மட்டும் எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. அதனால் கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

குமரி மாவட்டத்தில் வீட்டை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கும், அப்படி ஒரு வேலை கிடைத்து ‘அங்கேயே ரூம் எடுக்கவா, போய்வரவா’ என்று யோசிக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஒரு தனியார் லேபில் டெக்னீஷியன். கல்யாணத்துக்கு முன்னால் அங்கேயே ஹாஸ்டலில் இருந்தேன். பிள்ளைகள் ஆன பிறகு இரணியலிலிருந்து போய்வருகிறேன். எங்கள் பக்கத்தில் இது புதுசில்லை. நர்சுகள், கொத்தனார்கள், கடைகளில் கணக்கு எழுதுகிறவர்கள், டெக்னோபார்க் பிள்ளைகள், வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிகள் என்று காலை வண்டியில் பாதி மாவட்டமே ஏறியது போலிருக்கும்.

செலவைப் பொறுத்தவரை பேச்சே இல்லை. மாத சீசன் டிக்கெட், பஸ்ஸில் ஒரு வாரம் போய்வரும் காசுக்குள் அடங்கிவிடும். பஸ் என்றால் தக்கலை, அழகியமண்டபம், மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு சந்திப்பிலும் நின்று நின்று, பாலராமபுரம் வரும்போது முதுகு உடைந்திருக்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். ரயிலில் இடம் கிடைத்தால் ஒரு தூக்கம் போடலாம். கிடைக்காவிட்டாலும் வாசல் பக்கம் சாய்ந்து நிற்க ஒரு மூலை கிடைக்கும். தம்பானூரில் (திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையம் இருக்கிற இடம்) இறங்கினால் எதிரிலேயே பஸ் ஸ்டாண்ட். மெடிக்கல் காலேஜ், கிழக்கேகோட்டை, கழக்கூட்டம் எங்கே போகவும் உடனே பஸ் இருக்கும்.

உள்ளே எப்படியிருக்கும் என்று கேட்பவர்களுக்கு: நாகர்கோவிலிலும் வீராணி ஆளூரிலும் ஏறுகிறவர்கள் ஜன்னலோரங்களைப் பிடித்துவிடுவார்கள். இரணியலில் ஏறுகிறவர்களுக்கு நடு இடம் கிடைக்கும். பள்ளியாடி தாண்டினால் நிற்கத்தான் வேண்டும். குழித்துறையில் ஏறுகிறவர்கள் இடத்தைப் பற்றி யோசிப்பதே இல்லை. எங்கள் பெட்டியில் ஒரு அக்கா வீட்டிலிருந்து உள்ளியைக் கவரில் கட்டிக் கொண்டுவந்து, போகிற வழியிலேயே உரித்து முடித்துவிடுவார். தோல் ஒன்றுகூட கீழே விழாது. இன்னொரு கவரில் போகும். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் குழம்பு வைக்கிற வேலையில் கால் மணி நேரம் மிச்சம். இரவு டியூட்டி முடித்துத் திரும்புகிற நர்ஸ் பிள்ளை ஒருத்தி, ஷாலை ஜன்னல் கம்பியில் ஒரு சுற்றுச் சுற்றி அதில் தலையை வைத்துத் தூங்குவாள். தலை கம்பியில் இடிக்காது. குழித்துறை வந்ததும் யாராவது தட்டி எழுப்பி விடுவார்கள். அவள் பெயர் தெரியாதவர்கள்கூட அவள் இறங்குமிடத்தைத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். இந்தப் பழக்கத்துக்காகவே வண்டிக்கு நாலரை.

இனி அந்த ஒற்றைத் தண்டவாளம்.

பாசஞ்சர் ஒரு சின்ன நிலையத்தில் நிற்பது ஒரு நிமிஷம். அதற்கு மேல் நின்றால் கிராசிங் என்று அர்த்தம். எதிரே ஒரு எக்ஸ்பிரஸ் வருகிறது, ஒரே தண்டவாளம், இரண்டு வண்டியும் ஒரே நேரத்தில் அதில் இருக்க முடியாது. அதனால் நம் வண்டியை நிலையத்துக்குள் இருக்கும் பக்கத்துத் தண்டவாளத்தில் ஒதுக்கிவிடுவார்கள். எதிரே வருகிற வண்டி முழுதாக உள்ளே வந்து கடந்த பிறகுதான் நமக்குச் சிக்னல் விழும். எக்ஸ்பிரஸ் நேரத்துக்கு வந்தால் பத்து நிமிஷம் போகும். அது எங்கோ பாலக்காட்டுப் பக்கம் தாமதமாகியிருந்தால் அந்தத் தாமதம் எங்கள் தலையில் விடியும். வரிசையில் கடைசி இடம் எப்போதும் பாசஞ்சருக்குத்தான். எட்டு மணி டியூட்டிக்குப் போகிறவள் அதற்கு முந்திய வண்டியைப் பிடிக்க வேண்டியிருப்பது இதனால்தான். வண்டி தாமதமாகும் என்ற பயத்துக்காகத் தினமும் ஒரு மணி நேரத் தூக்கத்தை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். அந்த ஒரு மணி நேரத்தை எந்தத் திட்ட அறிக்கையும் செலவுக் கணக்கில் எழுதுவதில்லை.

ஓட்டுகிறவர்கள் மேலோ சிக்னல் போடுகிறவர்கள் மேலோ எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒரு தண்டவாளத்தை வைத்துக்கொண்டு இதற்கு மேல் யாராலும் செய்ய முடியாது. பிரச்சினை எப்போது தொடங்கியது என்று பார்த்தால் ஐம்பது வருஷம் பின்னால் போக வேண்டும்.

தம்பானூரில் இப்போதிருக்கும் நிலையம் 1931-ல் வந்தது. அங்கிருந்து நாகர்கோவிலுக்கு எழுபது கிலோமீட்டர் சொச்சம். அந்த எழுபது கிலோமீட்டரைத் தாண்ட ரயிலுக்கு 48 வருஷம் பிடித்தது. இடையில் 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசே சொந்தமாகப் பஸ் ஓட்ட ஆரம்பித்துவிட்டது. தொடக்க கால டிப்போக்களில் நாகர்கோவிலும் ஒன்று. நல்ல காரியம்தான். ஆனால் அதன் விளைவைக் கவனியுங்கள். பஸ் போகிற சாலையை ஒட்டியே ஊர்கள் வளர்ந்தன. கடை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோயில், சர்ச் எல்லாம் சாலையில். ரயில் வந்து சேர்ந்தபோது சாலையோரத்தில் இடமே மிச்சமில்லை. அதனால் பாதை ஊர்களை விட்டு விலகிக் குன்றுகளைக் குடைந்து போனது. தக்கலைக்கு நிலையம் கிடையாது. மார்த்தாண்டத்துக்கு அதன் பெயரில் நிலையம் கிடையாது, குழித்துறை நிலையம்தான். திங்கள்நகர்க்காரர்களுக்கு இரணியல் நிலையம், அதுவும் ஊரை விட்டுத் தள்ளி. வெளியூரிலிருந்து முதன்முறை வருகிறவர்கள் ‘ஊர் எங்கே?’ என்று கேட்பார்கள். தாமதமாக வந்த ரயிலுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான்.

1972-ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். 1979 ஏப்ரலில் மொரார்ஜி தேசாய் தொடங்கிவைத்தார். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை சுமார் 87 கிலோமீட்டர். 1981-ல் நாகர்கோவில் – திருநெல்வேலி இணைப்பும் திறந்தது. இதில் ஒரு முடிவை இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடலாம்: பாதையை முதல் நாளிலிருந்தே அகலப் பாதையாகப் போட்டார்கள். அப்போது திருநெல்வேலிக்கு வடக்கே மதுரைப் பக்கமெல்லாம் மீட்டர் கேஜ் என்ற குறுகிய பாதை. ‘பக்கத்தில் இருப்பது மீட்டர் கேஜ், நாமும் அதையே போட்டால் செலவு குறையும், வண்டியும் நேராக மதுரைக்குப் போகும்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கு அது புத்திசாலித்தனமாகவே தோன்றியிருக்கும். மதுரை – திருநெல்வேலி பாதை அகலமானது தொண்ணூறுகளில். அதுவரை திருநெல்வேலியில் இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது உண்மை. அந்தச் சிரமத்தைச் சில வருஷம் பொறுத்துக்கொண்டதால்தான், பின்னாளில் எங்கள் பாதையைப் பெயர்த்துப் போட வேண்டிய நிலை வரவில்லை. இன்று அஸ்ஸாமின் திப்ருகரிலிருந்து நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி வருகிற விவேக் எக்ஸ்பிரஸ் அதே பாதையில் கன்னியாகுமரிக்குப் போகிறது. நாளைய தேவைக்காக அன்றே செய்த வேலை என்றால் இதுதான்.

ஆனால் அகலத்தை யோசித்தவர்கள் எண்ணிக்கையை விட்டுவிட்டார்கள்.

என் அப்பா அந்தப் பாதைக்கு மண் சுமந்தவர். இருபது வயதுக்குள். இரணியலுக்கும் பள்ளியாடிக்கும் நடுவில் செம்மண் குன்றை வெட்டி இறக்கினார்கள். மேலே நின்று பார்த்தால் வண்டியின் கூரை கால் கீழே தெரிகிற அளவுக்கு ஆழம். வெட்டிய மண்ணைப் பெட்டியில் வாரித் தலைச்சுமையாக ஏற்றி, கரை கட்டுகிற இடத்தில் கொட்டுவார்கள். பாறை வந்தால் வெடி. மழைக்காலத்தில் செம்மண் கரைந்து வழிந்து, வெட்டின இடம் மறுபடி மூடும், மறுபடி வாருவார்கள். அப்பா இப்போதும் அந்தப் பக்கம் போனால் ஒன்றைத்தான் சொல்வார்: “ரெண்டு வண்டி போற அளவுக்கு அன்னைக்கே வெட்டியிருந்தா என்ன பிள்ளே? மண்ணு அதே மண்ணு. கூலியும் அன்னைக்கு ஒண்ணும் பெரிசில்ல. தண்டவாளத்தைப் பொறவு போட்டுக்கிடலாம்லா.”

அவர் எஞ்சினியர் இல்லை. ஆனால் நான் படித்த எந்தக் கட்டுரையும் இந்த விஷயத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லவில்லை. தண்டவாளத்தைப் பிறகு போடலாம். வண்டியைப் பிறகு வாங்கலாம். பிளாட்பார்மை நீட்டலாம். கம்பி கட்டி மின்சாரம் கொடுக்கலாம்; அதுவும் பிறகு நடந்ததுதான். பிறகு செய்யவே முடியாதவை, அல்லது செய்தால் பத்து மடங்கு வலிப்பவை, நிலமும் வெட்டின் அகலமும் பாலத்தின் தூணும். எதை முன்கூட்டியே கட்டுவது என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: பின்னால் சேர்க்க முடிகிறதைப் பின்னால் சேருங்கள், முடியாததை இன்றே எடுத்து வையுங்கள்.

எழுபதுகளில் பாதையின் இரண்டு பக்கமும் விளைகள். தென்னை, மரச்சீனி, வாழை. இன்று பாருங்கள். 2011 கணக்கெடுப்புப்படி மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல். தமிழ்நாட்டில் சென்னையை விட்டால் நெருக்கத்தில் நாங்கள்தான். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் வெளி என்று ஒன்று கிடையாது. ஒரு வீட்டு மதில் முடிகிற இடத்தில் அடுத்த வீட்டு மதில். இந்த இடத்தில் இப்போது ஒரு தண்டவாளத்துக்கான நிலம் எடுப்பதென்றால் அது யாரோ ஒருவரின் அடுக்களை, கிணறு, அம்மாவின் கல்லறை. எங்கள் பக்கத்தில் கல்லறைகள் வீட்டு விளையிலேயே இருப்பது வழக்கம். கையகப்படுத்தலுக்கு வரும் அதிகாரிகளுக்கும் இது எளிதில்லை, கொடுப்பவர்களுக்கும் எளிதில்லை. இரட்டைப் பாதைக்கு 2015-16 வாக்கில் ஒப்புதல் கிடைத்தும் இன்னும் முழுசாக முடியவில்லை என்றால், காரணத்தில் பெரும்பங்கு இந்த நிலம்தான். நாகர்கோவில் – திருநெல்வேலிப் பக்கம் விரிந்த வெளி. அங்கே இரட்டைப் பாதை முடிந்து ஓடிக்கொண்டிருக்கிறது. மேற்கே திரும்பினால்தான் நெருக்கம்.

வெட்டின் அகலம் குறைவாக இருப்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. செங்குத்தாக வெட்டிய செம்மண் சரிவு, மழை ஊறினால் அப்படியே தண்டவாளத்தில் வந்து உட்காரும். 2021 நவம்பர் மழையில் நாகர்கோவில் – திருவனந்தபுரம் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றுபோனது நினைவிருக்கும். ஒற்றைப் பாதை என்றால் ஒரு இடத்தில் சரிந்தாலும் மொத்தமும் நிற்கும். இரண்டு இருந்தால் ஒன்றிலாவது மெதுவாக விடலாம்.

முன்கூட்டி யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ரயிலை விட்டு வெளியே வந்தால் மார்த்தாண்டம் மேம்பாலம் இருக்கிறது. இரண்டரை கிலோமீட்டர் நீளத்துக்கு இரும்பில் கட்டியது. 2018 இறுதியில் சோதனை ஓட்டமாகத் திறந்து 2019 மார்ச்சில் முறைப்படி தொடங்கியது. கீழே சாலையை அகலப்படுத்த இரண்டு பக்கமும் ஒரு அடி இடம் கிடையாது, வரிசையாகக் கடைகள். அதனால் ஆகாயத்தில் இடம் தேட வேண்டியதாயிற்று. மேலே போகிறவர்களுக்கு நிம்மதி. கீழே கடைக்கு வருகிறவர்களுக்குத் தூண்களுக்கு நடுவில் நெரிசல். முப்பது நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஊருக்கு வெளியே ஒரு புறவழிச்சாலைக்கு நிலம் ஒதுக்கி வைத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று அந்த வழியாகப் போகும்போதெல்லாம் தோன்றும்.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் முன்னாலேயே பெரிசாகக் கட்டிவிட வேண்டியதுதானா? இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே அதற்கு எதிரான சாட்சி கிடக்கிறது.

குளச்சல் பக்கம் போனால் ஏ.வி.எம். கால்வாயைப் பார்க்கலாம். அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய். 1860-ல் திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா காலத்தில், திருவனந்தபுரத்தையும் கன்னியாகுமரியையும் நீர்வழியாக இணைக்க வேண்டும் என்று வெட்டத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக்கு எவ்வளவு பெரிய எண்ணம்! படகில் நெல்லும் உப்பும் தேங்காயும் கடற்கரையோரமாகவே போய்வர வேண்டும், கடல் கொந்தளித்தாலும் போக்குவரத்து நிற்கக்கூடாது. பூவாறிலிருந்து குளச்சல், மண்டைக்காடு பக்கம் வரை வெட்டினார்கள். கன்னியாகுமரி வரை போய்ச் சேரவில்லை. சேராத கால்வாயில் யார் படகு விடுவார்கள்? பிறகு சாலை வந்தது, பஸ் வந்தது, கால்வாய் தூர்ந்தது. இப்போது பல இடங்களில் அது குப்பையும் ஆகாயத்தாமரையும். சில இடங்களில் கால்வாய் இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். 2016-ன் தேசிய நீர்வழிச் சட்டத்தில் பூவாறிலிருந்து இரயுமன்துறை வரை 11 கிலோமீட்டரை 13-வது தேசிய நீர்வழி என்று சேர்த்திருக்கிறார்கள். சட்டத்தில் பெயர் வந்திருக்கிறது, படகு வரவில்லை.

கால்வாய் தோற்றது முன்கூட்டியே வெட்டியதால் என்று நான் நினைக்கவில்லை. கடைசிவரை வெட்டாததாலும், வெட்டிய வரைக்கும் ஆள் வைத்து ஓட்டாததாலும் தோற்றது. இதே கதை சென்னையிலும் உண்டு. படிக்கிற காலத்தில் பறக்கும் ரயிலில் போயிருக்கிறேன். 1997-ல் மயிலாப்பூர் வரை வந்தது, 2007-ல் வேளச்சேரி வரை. ஒவ்வொரு நிலையமும் அரண்மனை மாதிரி. மேல் மாடிகள் வெறுமனே கிடக்கும். டிக்கெட் வாங்கிவிட்டுத் தனியாக ஒரு பெண் அந்தப் படிக்கட்டில் ஏறப் பயந்த காலம் எனக்குத் தெரியும். கான்கிரீட்டுக்குச் செலவு செய்தார்கள், நிலையத்தை வீதியோடும் பஸ்ஸோடும் இணைப்பதற்குச் செய்யவில்லை. அங்கேயும் கடைசியில் இடித்தது நிலம்தான்: வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்கு ஐந்து கிலோமீட்டர், 2008-ல் தொடங்கிய வேலை, ஆதம்பாக்கம் பக்கம் அரைக் கிலோமீட்டர் இடத்துக்கான வழக்கில் வருஷக்கணக்கில் நின்றது.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். என் மதினி டொராண்டோவில் நர்ஸ். அவள் தினமும் வேலைக்குப் போகிற சுரங்க ரயில், டான் ஆற்றுப் பள்ளத்தாக்கைத் தாண்டுமிடத்தில் ஒரு பெரிய சாலைப் பாலத்தின் கீழ்த்தட்டில் போகிறது. அந்தப் பாலம் 1918-ல் திறந்தது. அப்போது அந்த ஊரில் சுரங்க ரயிலே கிடையாது. ‘என்றாவது ரயில் வரும்’ என்று சொல்லிப் பாலத்தை வடிவமைத்தவர்கள் கீழே ஒரு தட்டுக்கு இடம் விட்டார்கள். வீண் செலவு என்று எதிர்த்தவர்களும் இருந்தார்கள். 1966-ல் ரயில் வந்தது. பாலத்தை இடிக்கவில்லை, பக்கத்தில் இன்னொன்று கட்டவில்லை. வைத்திருந்த இடத்தில் தண்டவாளம் போட்டார்கள். என் அப்பா சொன்னது அங்கே நடந்திருக்கிறது. போனில் மதினி இதைச் சொன்னபோது அப்பாவிடமும் சொன்னேன். “பாத்தியா” என்றார், அவ்வளவுதான்.

சிங்கப்பூர் செய்தது இன்னும் தைரியமான காரியம். 2003-ல் வடகிழக்கு ரயில் பாதையைத் திறந்தபோது இரண்டு நிலையங்களைக் கட்டி முடித்துப் பூட்டியே வைத்தார்கள்: புவாங்கோக், உட்லீ. சுற்றிலும் போதுமான வீடுகள் வரவில்லை, திறந்தால் நஷ்டம் என்றார்கள். புவாங்கோக்கில் குடியிருந்தவர்கள் கோபப்பட்டார்கள். 2005-ல் மந்திரி வந்தபோது வெள்ளை யானைப் பதாகைகள் வைத்துக் காட்டினார்கள்; செலவு வைத்துப் பயன்படாமல் கிடப்பதற்கு அது அடையாளம். 2006 தொடக்கத்தில் அது திறந்தது. உட்லீ திறந்தது 2011-ல். எட்டு வருஷம் பூட்டிக் கிடந்தது வீண் என்று சொல்லலாம். ஆனால் ஓடுகிற பாதைக்கு நடுவில் பின்னால் ஒரு சுரங்க நிலையம் தோண்டுவது எவ்வளவு பெரிய பாடு என்று யோசித்தால் அந்தப் பூட்டு மலிவானது. எனக்கு இதில் பிடித்தது இன்னொன்று: ஜனங்கள் கேட்டார்கள், திறந்தது. பூட்டிவைத்த கதவு என்பதால்தான் கேட்கவும் முடிந்தது. கட்டாத நிலையத்தைத் திற என்று யாரும் கேட்க முடியாது.

இதையெல்லாம் ஒரு பாசஞ்சர் வண்டி மதிப்பீட்டில் ஏன் எழுதுகிறேன் என்றால், எங்கள் பாதைக்கு அடுத்த தேவை எங்கிருந்து வரப்போகிறது என்பது கண் முன்னால் தெரிகிறது. திருவனந்தபுரத்துப் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதம் முறைப்படி திறந்தாயிற்று. அங்கிருந்து பாலராமபுரத்துக்குச் சுமார் 10.7 கிலோமீட்டர் ரயில் இணைப்பு, பெரும்பகுதி சுரங்கத்தில், திட்டத்தில் இருக்கிறது. பாலராமபுரம் எங்கே இருக்கிறது? எங்கள் பாசஞ்சர் நிற்கிற நிலையம் அது. கன்டெய்னர் வண்டிகள் அந்தச் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து இதே தண்டவாளத்தில்தான் ஏற வேண்டும். அதில் ஒரு பகுதி நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலி, மதுரை என்று போகாதா? அன்றைக்கு நாங்கள் இவ்வளவு வருஷம் காத்திருந்து வாங்கிய இரண்டாவது தண்டவாளம் சரக்கு வண்டிகளால் நிறைந்துவிடும். பாசஞ்சர் மறுபடி பள்ளியாடியில் ஒதுங்கி நிற்கும். அதோடு நேமம் நிலையத்தைத் திருவனந்தபுரம் தெற்கு என்று பெயர் மாற்றித் துணை முனையமாக வளர்க்கிறார்கள். அங்கே தொடங்கி முடிகிற வண்டிகளும் சேரும்.

ஆகவே, இப்போது ஜேசிபி குன்றை வெட்டிக்கொண்டிருக்கும்போதே, வாங்குகிற நிலத்தை மூன்றாவது தண்டவாளத்துக்கும் சேர்த்து வாங்க முடிகிற இடங்களில் வாங்க வேண்டும். எல்லா இடத்திலும் முடியாது, அது எனக்கும் தெரியும். வீடுகள் நெருங்கிய இடங்களில் இன்னொரு முறை ஆட்களை எழுப்புவது பாவம். ஆனால் விளையாகவே கிடக்கிற நிலம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பத்து வருஷத்தில் அங்கே மாடி வீடு வந்துவிடும். அந்த விளைக்காரருக்கு இன்றைய நியாயமான விலையைக் கொடுத்து, தண்டவாளம் வரும்வரை அவரே வாழை போட்டுக்கொள்ளட்டும் என்று விட்டால் யாருக்கு நஷ்டம்? மேலே குறுக்கே போகிற சாலைப் பாலங்களையும் இப்போதே மூன்று தண்டவாளம் அடங்குகிற அகலத்தில் கட்டலாம். பாலத்தில் இன்னும் சில மீட்டர் சேர்ப்பதற்கான செலவு, பின்னால் அதை இடித்துக் கட்டும் செலவுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

நிலையச் சாலைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இரணியலில் வண்டி வந்து நின்றால் சாயங்காலம் நூற்றுக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இறங்குவோம். வெளியே சாலையில் எதிரெதிரே இரண்டு ஆட்டோ வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும். பைக்கில் அழைத்துப்போக வருகிற கணவன்மார்கள், அண்ணன்மார்கள் ஒரு பக்கம், நடந்து போகிறவர்கள் ஒரு பக்கம், மழையென்றால் குடைகள் வேறு. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் கூட்டம் கலையும்வரை பிளாட்பார்ம் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். திங்கள்நகருக்கு வண்டி நேரத்துக்கு ஏற்ற ஒரு மினி பஸ் இருந்தால் பாதிப் பைக்குகள் வர வேண்டியதில்லை. குழித்துறையிலும் இதேதான்: மார்த்தாண்டம் அவ்வளவு பெரிய சந்தை ஊர், அதன் நிலையத்துக்குப் போகிற வழி ஒரு பக்கத்துத் தெரு அளவுக்கு இருக்கிறது. தண்டவாளம் இரண்டானால் வண்டிகள் கூடும், ஜனம் கூடும். சாலை அதே சாலை. இரண்டாவது தண்டவாளத்துக்கு நிலம் எடுக்கிற அதே கையோடு நிலையச் சாலைக்கும் எடுக்காவிட்டால், பறக்கும் ரயில் நிலையங்கள் மாதிரி எங்கள் நிலையங்களும் ஊரோடு ஒட்டாமலே நின்றுவிடும். ரயில்வே நிலம் வேறு, பஞ்சாயத்துச் சாலை வேறு, நெடுஞ்சாலை வேறு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் இருக்கிறது. இறங்கி நடக்கிறவளுக்கு எல்லாம் ஒரே வழிதான்.

குறைகள் இவ்வளவு சொன்னாலும், திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்து யோசிக்கிறவர்களுக்கு என் பரிந்துரை: போய்வாருங்கள். பிள்ளைகள் இங்கேயே வளரும், வாடகை மிச்சம், சாயங்காலம் வீட்டுச் சோறு. ஒன்பது மணிக்கு மேல் தொடங்குகிற வேலை என்றால் கவலையே இல்லை. எட்டு மணிக்கு என்றால் முந்திய வண்டிக்குப் பழகிக்கொள்ளுங்கள். இரணியலுக்கு மேற்கே ஏறுகிறவர்கள் வண்டியின் நடுப்பெட்டிகளை விட்டு இரண்டு ஓரத்துக்கும் நடந்து போய் ஏறினால் நிற்கவாவது நல்ல இடம் கிடைக்கும். சீசனை மாதக் கடைசியில் புதுப்பிக்கப் போகாதீர்கள், கவுண்டரில் அன்றைக்குத்தான் எல்லோரும் நிற்பார்கள். செல்போன் ஆப்பிலேயே எடுத்துவிடலாம்.

நிலையத்துக்குப் பக்கத்தில் மனை வாங்க நினைக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள், இரட்டைப் பாதை வந்தால் விலை ஏறும் என்று தரகர்களும் சொல்கிறார்கள். அவர்கள் காட்டுகிற வரைபடத்தை மட்டும் நம்பாதீர்கள். சர்வே எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் போய், அந்த எண் கையகப்படுத்தல் பட்டியலில் இருக்கிறதா, ரயில்வே எல்லைக்கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். முடிந்தால் கல்லிலிருந்து கொஞ்சம் தள்ளியே வாங்குங்கள்.